பயங்கரவாதமும் அரசுகளின் பதிலும்: மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

எங்கோ ஒரு குண்டு வெடித்த செய்தி தொலைக்காட்சியில் வந்த மறுநாள், வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியருக்குப் பாடம் தொடங்கும் முன்பே கேள்விகள் காத்திருக்கும். "ஏன் சார் இப்படிச் செய்றாங்க?", "நம்ம ராணுவம் போய் அவங்களை ஒரேயடியா அழிச்சிடலாமே மிஸ்?" என்று கேட்பார்கள். சில நேரம், ஒரு குறிப்பிட்ட மதத்தையோ இனத்தையோ சொல்லி, "அவங்க எல்லாருமே இப்படித்தானா?" என்றும் ஒரு குழந்தை கேட்டுவிடும். அந்த மதத்தைச் சேர்ந்த மாணவர் அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

இந்தக் கேள்விகளை "அதெல்லாம் நமக்கெதுக்கு, புத்தகத்தை எடுங்க" என்று தள்ளிவிட்டால், பதிலை அவர்கள் கைப்பேசியில் தேடிக்கொள்வார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் கோபமும் வதந்தியும்தான். ஆகவே பயங்கரவாதம் என்றால் என்ன, அது எப்படிச் செயல்படுகிறது, ஒரு மக்களாட்சி அரசு அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் ஆசிரியருக்குத் தெளிவு தேவை. சமூக அறிவியல் ஆசிரியருக்கு மட்டுமல்ல, எந்தப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

நம் நாளிதழ்கள் 'தீவிரவாதி', 'பயங்கரவாதி' என்ற இரு சொற்களையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஆனால் விடுதலைப் போராட்டப் பாடத்தில் திலகரையும் வ.உ.சிதம்பரனாரையும் 'தீவிரவாதிகள்' என்று, 'மிதவாதிகள்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக நாம் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். காலையில் தொலைக்காட்சியில் கேட்ட சொல்லும் மதியம் வரலாற்று வகுப்பில் கேட்ட சொல்லும் ஒன்றாக இருந்தால் குழந்தை குழம்பத்தானே செய்யும்?

எனவே முதலில் சொல்லைப் பிரித்துக் காட்ட வேண்டும். தீவிரவாதம் என்பது ஒரு கருத்தில் கொள்ளும் கடும் நிலைப்பாடு. அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். வன்முறை அதில் கட்டாயம் இல்லை. பயங்கரவாதம் என்பது ஒரு செயல்முறை. அதில் நான்கு கூறுகள் உண்டு. ஒன்று, வன்முறை அல்லது வன்முறை மிரட்டல். இரண்டு, அது பெரும்பாலும் போரில் ஈடுபடாத சாதாரண மக்கள்மீது ஏவப்படுகிறது. மூன்று, அதற்குப் பின்னால் அரசியல், மத அல்லது கொள்கை நோக்கம் இருக்கிறது. நான்கு, கொல்லப்பட்டவர்களைவிட அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே அதன் உண்மையான இலக்கு. ரயில் நிலையத்தில் சுடுபவருக்கு அங்கே நின்ற பயணியிடம் தனிப்பட்ட பகை இல்லை. நாடு முழுவதும் பயப்பட வேண்டும், அரசு தடுமாற வேண்டும் என்பதே நோக்கம்.

திட்டம் ஒரு நாட்டில், பணம் இன்னொரு நாட்டில், தாக்குதல் மூன்றாவது நாட்டில் என்று எல்லைகளைக் கடக்கும்போது அது பன்னாட்டுப் பயங்கரவாதம் ஆகிறது.

உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளாத வரையறை

இவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், எல்லா நாடுகளும் ஏற்ற ஒரே வரையறை இன்றுவரை இல்லை. 1934இல் யூகோஸ்லாவிய மன்னர் முதலாம் அலெக்சாந்தர் பிரான்சில் கொல்லப்பட்ட பிறகு, பன்னாட்டுச் சங்கம் 1937இல் பயங்கரவாதத்தைத் தடுக்க ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. பல நாடுகள் கையெழுத்திட்டும், அதற்கு முறைப்படி ஏற்பளித்த ஒரே நாடு அன்றைய இந்தியாதான். உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே இல்லை. 1996இல் சுதந்திர இந்தியா ஐக்கிய நாடுகள் அவையில் விரிவான உடன்படிக்கை ஒன்றை முன்மொழிந்தது. அதுவும் பேச்சுவார்த்தையிலேயே நிற்கிறது.

தடை எங்கே? அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடுவோரை இதில் சேர்ப்பதா என்பது ஒரு சிக்கல். ஓர் அரசின் ராணுவமே மக்களை அச்சுறுத்தினால் அதை என்னவென்று அழைப்பது என்பது இன்னொன்று. இந்த விவாதம் முடியாவிட்டாலும், பொதுவான ஒரு தளத்துக்கு உலகம் வந்திருக்கிறது. 2004 செப்டம்பரில் ரஷ்யாவின் பெஸ்லான் நகரில், பள்ளி திறந்த முதல் நாளிலேயே ஆயுதக்குழு ஒன்று பள்ளியைக் கைப்பற்றியது. 330க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கு மேல் குழந்தைகள். அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்பு அவை 1566ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்களிடையே அச்சம் பரப்புவதற்காகச் சாதாரண மக்களைக் கொல்வதையும் பிணைக்கைதிகளாகப் பிடிப்பதையும் எந்த அரசியல், மத, இனக் காரணத்தைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது என்பதே அதன் சாரம். கோரிக்கை நியாயமானதாகவே இருக்கலாம். அதற்காகக் குழந்தைகளைக் கொல்வது நியாயம் ஆகாது. மாணவர்களிடம் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

மும்பை: ஒரு நிகழ்வை விரித்துப் பார்ப்போம்

2008 நவம்பர் 26 அன்று இரவு, லஷ்கர்-இ-தொய்பா அமைப்பைச் சேர்ந்த பத்துப் பேர் கடல்வழியாக மும்பைக்குள் நுழைந்தனர். கராச்சியிலிருந்து புறப்பட்ட அவர்கள், வழியில் குஜராத்தைச் சேர்ந்த 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றனர். சத்ரபதி சிவாஜி ரயில் முனையம், தாஜ் விடுதி, ஓபராய் விடுதி, நரிமன் இல்லம், காமா மருத்துவமனை ஆகிய இடங்களில் தாக்குதல் நடந்தது. நவம்பர் 29 காலைதான் அது முடிவுக்கு வந்தது. பல நாட்டவர் உட்பட 166 பேர் உயிரிழந்தனர்.

'பன்னாட்டு' என்ற சொல்லின் பொருளை இந்த நிகழ்வில் கண்கூடாகக் காணலாம். பயிற்சியும் திட்டமும் பாகிஸ்தானில். தாக்க வேண்டிய இடங்களை முன்கூட்டியே வந்து படம் எடுத்துச் சென்ற டேவிட் ஹெட்லி அமெரிக்கக் குடிமகன். தாக்குதலின்போது பாகிஸ்தானிலிருந்து கட்டளைகள் வந்தது இணையவழித் தொலைபேசி இணைப்பில். இறந்தவர்களில் இந்தியர், அமெரிக்கர், இஸ்ரேலியர் எனப் பலர். இத்தகைய குற்றத்தை ஒரு நாட்டின் காவல்துறை தனியாகத் துப்புத் துலக்கிவிட முடியாது. ஹெட்லிக்கு 2013இல் 35 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது அமெரிக்க நீதிமன்றம். அவருடைய கூட்டாளி எனக் குற்றம்சாட்டப்பட்ட தஹாவூர் ராணா 2025 ஏப்ரலில்தான் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

அரசு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கான பதில்களையும் இதே நிகழ்விலிருந்து தொடங்கலாம்.

முதற்கடமை: தடுப்பது

கடல்வழித் தாக்குதல் குறித்த முன்னெச்சரிக்கைத் தகவல்கள் மும்பைத் தாக்குதலுக்கு முன்பே இருந்தன. ஆனால் அவை பல துறைகளில் சிதறிக் கிடந்தன. தேசியப் பாதுகாப்புப் படையினர் ஹரியானாவின் மானேசரிலிருந்து வந்துசேரப் பல மணி நேரம் ஆனது. இதிலிருந்து அரசு பாடம் கற்றது. தேசியப் புலனாய்வு முகமை அந்த ஆண்டின் இறுதியிலேயே சட்டப்படி அமைக்கப்பட்டது. 2009இல் மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தா நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் திறக்கப்பட்டன. கடலோரக் காவல் வலுப்படுத்தப்பட்டது. மீனவர்களுக்கு அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. நம் கடலோர மாவட்டப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊரில் நடக்கும் 'சாகர் கவச்' ஒத்திகையைப் பார்த்திருப்பார்கள். காவலர்களே ஊடுருவுவோர்போல் கடல்வழியாக வந்து பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி அது. அந்த ஒத்திகைக்கும் மும்பைக்கும் உள்ள தொடர்பைச் சொன்னால், எங்கோ நடந்த செய்தி அவர்கள் ஊர்ச் செய்தி ஆகிவிடும்.

தகவல் கிடைத்தும் செயல்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கை கண்டது. ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களில் வழிபாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. இத்தாக்குதல் பற்றி இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையின் மீது உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேனவும் உயர் அதிகாரிகளும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களின் உயிரைக் காக்கத் தவறினால் ஆட்சியாளரும் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு இது அரிய எடுத்துக்காட்டு.

பணத்தின் வழியை அடைப்பது

பயிற்சி, ஆயுதம், பயணம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்ட பின், அந்த மாதமே ஐ.நா. பாதுகாப்பு அவை 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டுவதைக் குற்றமாக்க வேண்டும், அதற்கான சொத்துகளை முடக்க வேண்டும் என்று எல்லா நாடுகளையும் அது கட்டாயப்படுத்தியது. நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்னும் பன்னாட்டு அமைப்பு, இதில் பின்தங்கிய நாடுகளைக் கண்காணிப்புப் பட்டியலில் வைக்கிறது. பாகிஸ்தான் 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை அந்தப் பட்டியலில் இருந்தது. லஷ்கர் நிறுவனர் ஹபீஸ் சயீதுக்கு, பயங்கரவாத நிதி வழக்கில் பாகிஸ்தான் நீதிமன்றமே 2020இல் தண்டனை வழங்கியது அந்தக் காலத்தில்தான். ஒரு குண்டுகூட வெடிக்காமல் தரப்படும் இத்தகைய அழுத்தம் தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஆனாலும் பயன் தருகிறது.

நீதிமன்றம்: பலவீனமா, பலமா?

"கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வழக்கு எதற்கு, வக்கீல் எதற்கு?" இது மாணவர்கள் மட்டுமல்ல, நம்மில் பலரும் கேட்கும் கேள்வி.

தலைமைக் காவலர்கள்கூடத் தடியுடன் நின்ற அந்த இரவில், உதவிச் சார் ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே தன் உடலில் குண்டுகளை வாங்கிக்கொண்டு அஜ்மல் கசாபை உயிருடன் பிடிக்க வழிசெய்தார். அவருக்கு அசோகச் சக்கர விருது அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. கசாபுக்கு அரசே வழக்கறிஞரை ஏற்பாடு செய்தது. ரயில் நிலையத்தில் காலில் குண்டடிபட்ட ஒரு சிறுமி ஊன்றுகோலுடன் நீதிமன்றம் வந்து சாட்சி சொன்னாள். 2010இல் தண்டனை, மேல்முறையீட்டில் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, அந்த நவம்பரில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே வழக்கில் உடந்தையாகச் சேர்க்கப்பட்ட இரண்டு இந்தியர்கள், போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டனர். நாடே கொதித்திருந்த நேரத்திலும் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்தது நீதிமன்றம். கசாபின் வாக்குமூலமும் சாட்சியங்களும் முறைப்படி பதிவானதால்தான், சதி எங்கே தீட்டப்பட்டது என்பதை உலக நாடுகளின் முன் இந்தியாவால் நிறுவ முடிந்தது.

இதனோடு அமெரிக்காவை ஒப்பிடலாம். செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி எனக் குற்றம்சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமது 2003இல் பிடிபட்டார். ரகசியச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாக்கப்பட்டு, பின் குவாண்டனாமோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சித்திரவதையில் பெற்ற வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கலாமா என்ற சிக்கலிலேயே ராணுவ ஆணைய வழக்கு மாட்டிக்கொண்டது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போன குறுக்குவழி நீண்ட வழியாகிவிட்டது.

சிறப்புச் சட்டங்களும் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. 1985இல் வந்த தடா, அப்பாவிகள் மீதும் பாய்ந்ததாக எழுந்த கடும் விமர்சனத்தால் 1995இல் காலாவதியாக விடப்பட்டது. 2002இல் வந்த பொடா 2004இல் நீக்கப்பட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம், தடா குற்றங்கள் அவ்வழக்கில் நிறுவப்படவில்லை எனக் கூறி, 19 பேரை விடுவித்தது. சிறப்புச் சட்டம் இருக்கலாம். அதற்கு மேல் ஒரு சுதந்திரமான நீதிமன்றமும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இன்று நடைமுறையில் உள்ள உபா சட்டத்தில் பிணை பெறுவது கடினம். ஆனாலும் விசாரணை முடிவின்றி நீண்டால் பிணை வழங்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

படைபலத்தின் எல்லை

தன்மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமையை ஐ.நா. சாசனத்தின் 51ஆவது உறுப்பு ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. 2019இல் புல்வாமாவுக்குப் பின் பாலாகோட்டிலும், 2025இல் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பின் 'ஆபரேஷன் சிந்தூர்' மூலமும் இந்தியா படைவழியில் பதிலளித்தது. ஆகவே படைபலம் தேவையே இல்லை என்று மாணவரிடம் சொல்ல முடியாது. அது மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்கா 2001இல் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து சில மாதங்களில் தாலிபான் ஆட்சியை அகற்றியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வெளியேறும்போதே தாலிபான்கள் மீண்டும் காபூலைப் பிடித்தனர். 2003இல், பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி இராக்கைத் தாக்கினார்கள். ஆயுதங்கள் கிடைக்கவில்லை, அங்கே உருவான குழப்பத்தில் வளர்ந்ததுதான் ஐ.எஸ். அமைப்பு.

கோபத்தில் செய்யக்கூடாதது

பயங்கரவாதிகள் அரசிடமிருந்து எதிர்பார்ப்பது என்ன? பெரும்பாலும், கண்மூடித்தனமான பதிலடி. ஒரு சமூகம் முழுவதையும் அரசு சந்தேகித்தால், அந்தச் சமூகத்தின் இளைஞர்களைத் தம் பக்கம் இழுப்பது அவர்களுக்கு எளிதாகிவிடும். 1971 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் பிரிட்டன் அரசு, விசாரணையின்றிச் சிறைவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரே நாளில் 300க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களைப் பிடித்தனர். அவர்களில் பலருக்கும் எந்த ஆயுதக்குழுவோடும் தொடர்பில்லை. வன்முறை குறையவில்லை, பலமடங்கு கூடியது. ஆயுதக்குழுவில் சேர்வோரும் பெருகினர். 1975இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். ஏறத்தாழ 3,500 உயிர்கள் போன பிறகு, 1998இல் அரசியல் உடன்பாட்டின் மூலமே அமைதி வந்தது.

2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோது, இது இஸ்லாமியக் குழுக்களின் வேலை என்றே பலர் முதலில் நினைத்தனர். கொன்றவர் குடியேறிகளை வெறுத்த ஒரு நார்வேக்காரர் என்பது பிறகு தெரிந்தது. அந்த நாடு அவரைச் சாதாரண நீதிமன்றத்தில் விசாரித்து, சட்டத்தில் அப்போது இருந்த உச்சத் தண்டனையை வழங்கியது. கூடவே, காவல்துறையின் தாமதத்தைச் சுதந்திரமான குழு ஒன்று விசாரித்து வெளிப்படையாகக் கண்டித்தது.

வகுப்பறையில் நாம்

நம்மால் செய்யக்கூடியவை சில:

1. முதலில் அச்சத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு விளக்கத்தைவிட "நீ பாதுகாப்பாக இருக்கிறாய்" என்ற உறுதி முக்கியம். படங்களையும் காணொளிகளையும் வகுப்பில் காட்ட வேண்டாம்.

2. செயலைச் செய்தவரின் பெயரோடு, காப்பாற்றியவர்களின் கதையையும் சொல்லுங்கள். துக்காராம் ஓம்ப்ளேயைச் சொல்லுங்கள். பகல்காமில் சுற்றுலாப் பயணிகளைக் காக்க முயன்று கொல்லப்பட்ட உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரரைச் சொல்லுங்கள். "அவங்க எல்லாருமே இப்படித்தானா?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

3. ஒரு மாணவரின் மதத்தையோ ஊரையோ வைத்துக் கேலி எழுந்தால், அப்போதே, எல்லார் முன்னிலையிலும் தடுத்து நிறுத்துங்கள். பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் குழந்தைக்கு நம் மௌனம் மட்டுமே நினைவில் நிற்கும்.

4. உயர்வகுப்புகளில் செய்தியைச் சோதிக்கப் பழக்குங்கள். மும்பைத் தாக்குதலின்போது தொலைக்காட்சிகளின் நேரலையைப் பார்த்தே பாகிஸ்தானிலிருந்து கட்டளைகள் பறந்தன என்று உச்ச நீதிமன்றம் ஊடகங்களைக் கண்டித்ததை எடுத்துச்சொல்லி, "நாம் பகிரும் ஒரு காணொளி யாருக்கு உதவும்?" என்று விவாதிக்கச் செய்யலாம்.

5. பத்தாம் வகுப்புக்கு மேல் ஒரு விவாதப் பொருள்: கசாபுக்கு வழக்கறிஞர் கொடுத்தது சரியா? இரு தரப்பையும் மாணவர்களே பேசட்டும். இறுதியில், ஆதாரமின்றி விடுவிக்கப்பட்ட அந்த இருவரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயங்கரவாதத்தை ஒழிக்கும் பொறுப்பு அரசுடையது. அதற்கான படையும் சட்டமும் அதனிடம் உண்டு. பக்கத்து பெஞ்சில் இருப்பவரைப் பார்த்துப் பயப்படாத தலைமுறையை வளர்க்கும் பொறுப்பில் நமக்குப் பெரும்பங்கு இருக்கிறது. அடுத்த முறை அந்தக் கேள்வி வகுப்பில் எழும்போது, பத்து நிமிடம் பாடத்தை நிறுத்திவைத்துப் பதில் சொல்லலாம். அதுவும் பாடம்தான்.